வயிற்றில் கட்டிய நெருப்பு

ஆங்கிலத்தில் கதை எழுத ஆசைப்படுவது குற்றமில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். எனக்கு அந்த ஆசை யாழ்ப்பாணத்தில் படிக்கும்போதே இருந்தது. லண்டனில் எனக்குத் தொழில், அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது. செவ்வாய் மாலைகளில் லூயிஷாமில் கதை எழுதும் வகுப்புக்குப் போவேன். வெள்ளைக்காரரின் மரபுத்தொடர்களை ஆண்டுக்கணக்காகப் பாடமாக்கியிருந்தேன். என் கதைகளில் மழை சும்மா பெய்யாது. பூனையும் நாயுமாகக் கொட்டும். யாரும் சாகமாட்டார்கள், வாளியை உதைப்பார்கள்.

வகுப்பு நடத்திய மார்கரெட் அவற்றைப் பென்சிலால் அடித்துவிடுவாள். "பத்மநாதன், இப்போது யார் இப்படிப் பேசுகிறார்கள்?" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

1991இல் சிவனேஸ்வரியை அங்கே கூட்டிப்போனவனும் நான்தான். கணவனை ராணுவம் பிடித்துக்கொண்டு போன பின், தஞ்சம் கேட்டு வந்தவள். வகுப்புக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இருந்தாள். ஆங்கிலத்தில் அவளுக்கு இறந்தகாலமே ஒழுங்காக வராது. தமிழில் தோன்றியதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி வாசித்தாள். 'அவரைக் கொண்டுபோன நாளிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.'

மார்கரெட் கண்ணைத் துடைத்தாள். வகுப்பு வெளியிடும் தொகுப்பில் அதுதான் முதல் கதை என்றாள். என் கதைக்கு அதில் இடமில்லை.

பெண்பிள்ளை பெற்ற எந்தத் தாயும் எங்கள் ஊரில் சொல்வதுதான் அது. அப்படிப்பட்ட பேச்சு என் ஆங்கிலத்தில் தலைகாட்டிவிடக் கூடாதென்று நான் பட்ட பாடெல்லாம் எதற்கு?

"எனக்கு இங்கிலீசு தெரியாதபடியாத்தான் அண்ணை அப்பிடி எழுதினனான்," என்றாள், வெளியே வரும்போது. அவள் பணிவாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

அவளுடைய விசாரணைக்கு என்னையே அனுப்பினார்கள். என்னைக் கண்டதும் அவள் முகம் தெளிந்தது. "நீங்கள் பக்கத்தில இருந்தா எனக்குப் பயமில்லை, அண்ணை."

கணவரைக் கொண்டுபோன பின் என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார்.

"வயித்தில நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தனான்."

சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினேன், அவள் வகுப்பில் வாசித்த மாதிரியே. அதிகாரி நிமிர்ந்தார். சித்திரவதையா, உடம்பில் எரிந்த தழும்பு இருக்கிறதா என்று கேட்டார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "இப்ப உடம்புக்கு ஏதும் வருத்தம் இருக்கோ எண்டு கேக்கிறார்."

"இல்லை. ஒண்டுமில்லை."

அதையும் அப்படியே சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் நெருப்பைப் பற்றிச் சொன்னது கட்டுக்கதையா என்றார்.

"சொன்னதெல்லாம் உண்மைதானே எண்டு கேக்கிறார்."

"ஓம்," என்றாள்.

ஓம் என்றே சொன்னேன்.

அவள் நம்பத்தகாதவள் என்று முடிவானது. கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். இறங்கிய இடத்திலேயே பிடித்துக்கொண்டு போனதாகக் கேள்வி. அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இதை எழுத வந்த நீங்கள், கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். ஓம், கோபம் இருந்தது, நான் மறைக்கவில்லை. ஆனால் துரோகி என்று மட்டும் எழுதாதீர்கள். அவளுடைய பதில்களில் நான் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்றியது கேள்விகளை மட்டும்தான்.