பக்க வாசலில் நின்ற வேன்

குளுவாங் ரொட்டி ஆலைப் பெண்களைக் குறித்த நேரத்தில் கொண்டுவந்து, குறையின்றி வீடு சேர்த்த குணக்குன்றே, முன்கோபம் அறியாத முன்னிருக்கை வேந்தே, பணி ஓய்வு பெறும் எங்கள் வேன் ஓட்டுநர் திரு. செல்லப்பன் அண்ணன் அவர்களே, வணக்கம்.

கால் நூற்றாண்டுக்கும் மேலாக, செம்பனைத் தோட்டத்துச் சாலை வெள்ளத்தில் மூழ்கிய நாளிலும் உங்கள் வேன் வந்தது. உங்கள் பொறுமையையும் பொறுப்பையும் எவ்வளவு வேண்டுமானாலும் புகழ்வோம். விடியற்காலையில் ஹார்ன் அடித்துத் தெருவையே எழுப்பும் பழக்கத்தை மட்டும் புகழமாட்டோம்.

பொட்டலப் பிரிவுச் செல்வராணியின் கதையைச் சொல்லாமல் இம்மடல் நிறைவு பெறாது. சொல்லச் சொன்னவரும் அவரே.

சில ஆண்டுகளுக்கு முன் ஆலை நலக்குழு, பெண்களை மார்பகப் பரிசோதனைக்காக அரசாங்க கிளினிக்கிற்கு அனுப்பியது. செல்வராணிக்குப் போக மனமில்லை. சின்னம்மாவுக்கு இந்த நோய் வந்ததைக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. தம் இடது மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி இருப்பது அவருக்குத் தெரியும். வலிக்கவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொண்டார். முன்வாசலில் நுழைந்தவர் பக்க வாசலில் வெளியேறி, மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வேனுக்குத் திரும்பினார்.

அவர் பக்க வாசலில் நழுவியதைப் பார்த்திருந்தும், மற்றவர் முன்னால் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக அவரை இறக்கும்போதுதான் கேட்டீர்கள்.

"கிளினிக்ல இப்ப மீனும் குடுக்குறாங்களா, ராணி?"

"வலியே இல்லண்ணே. சும்மா எதுக்கு லா போயிக்கிட்டு?"

"எது வலிக்கல?" என்றீர்கள், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி. செல்வராணி மீன் பையோடு இறங்கி, கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

மறுவாரம் உங்கள் ஓய்வு நாளில் அவரை மட்டும் கிளினிக்கிற்கு ஏற்றிச் சென்றீர்கள். இம்முறை வேனைப் பக்க வாசலுக்கு நேரே நிறுத்தி, பேப்பரை விரித்தீர்கள். அவர் அந்த வாசல்வரை வந்தார். வேனைப் பார்த்தார். உங்களை வாயாரத் திட்டிக்கொண்டே உள்ளே திரும்பினார்.

தாதி தொட்டுப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மார்பை மெமோகிராம் படம் எடுத்து, கட்டியில் ஊசி வைத்துச் சதையெடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்தது. புற்றுநோய்தான்; ஆனால் பரவவில்லை. சீக்கிரம் கண்டுபிடித்ததால் மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்தார்கள். கதிர்வீச்சுக்குப் பயந்து அழுதார், முடித்தும் வந்தார். இன்று இம்மண்டபத்தில் உங்கள் தட்டில் இரண்டாம் முறை பிரியாணி வைத்தவர் அவர்தான்.

அண்ணனும் அண்ணி பேச்சியம்மாளும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். எங்களையெல்லாம் ஏற்றிப்போன உங்களால், "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்னும் அண்ணியை மட்டும் இதுவரை பரிசோதனைக்கு அழைத்துப்போக முடியவில்லை என்று வருந்தினீர்கள். அந்தக் கவலையை எங்களிடம் விடுங்கள். வரும் வியாழக்கிழமை காலை எங்கள் பிரிவு அபிகெயில், அண்ணியோடு கிளினிக்கிற்குள் போவார்.

பக்க வாசலில் செல்வராணி நிற்பார்.

இப்படிக்கு,
உங்கள் வேனில் சன்னலோர இடத்துக்குச் சண்டையிட்ட
பொட்டலப் பிரிவுப் பெண்கள்
குளுவாங், ஜொகூர்