மகராசிக்குக் குடுத்த மருந்து

இல்ல டாக்டரம்மா, எண்ணுனதுல தப்பு வராது. ரெண்டு தடவ எண்ணிட்டேன். இந்தக் கண்ணாடிச் சில்லுல கட்டம் போட்டிருக்கில்ல, ஒவ்வொரு வரியா மேலேர்ந்து கீழ, கீழேர்ந்து மேல போவேன். நடுவுல வீடே பத்தி எரியுதுன்னு சொன்னாக்கூட திரும்ப மாட்டேன். மருந்துக்கு முன்னாடி நம்ம மகராசிக் குதிரை லத்தியில இருபத்திநாலு வயித்துப்பூச்சி முட்ட. பதினாலு நாள் கழிச்சு இருபத்தஞ்சு. சில்லுல ஒண்ணுன்னா கிராமுக்கு அம்பதுன்னு பெருக்கிப் பாருங்க. ஆயிரத்து இருநூறு இருந்தது ஆயிரத்து இருநூத்தம்பது ஆயிருக்கு. மருந்து குடிச்சுட்டு நல்லாத் தெம்பா முட்ட போட்டிருக்குதுங்க.

அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. கையெழுத்துக்கு என்ன அவசரம்? நாளைக்குப் பத்து மணிக்கு லாரி வருது, அதுக்குள்ள போட்டாப் போதும்னு மொதலாளி சொல்லியிருக்காரு. எந்த மருந்துக்கும் அடங்காத பூச்சி, மத்த குதிரைங்களோட வச்சிருக்கக் கூடாதுன்னு நீங்க எழுதிட்டீங்கன்னா மகராசி கெளம்ப வேண்டியதுதான். அந்தக் காகிதத்தோட வேற எந்த லாயத்துல அவள சேத்துக்குவாங்க? அந்த லாரி ஒரே ஒரு எடத்துக்குத்தான் போகும். அங்க போன குதிரை திரும்பி வந்து நான் பாத்ததில்ல.

ஆமா, பூச்சி எல்லாத்துக்கும் இருக்கும். பதினோரு குதிரையில எட்டு நூறு, நூத்தம்பதுன்னு மரியாதையா இருக்குதுங்க. அதுகளுக்கு மருந்தே வேணாம், சும்மா சும்மா குடுத்தா பூச்சிக்குப் பழகிடும்னு நீங்கதான சொன்னீங்க. மீதி மூணுதான் மேச்சல் முழுக்க முட்டையப் பங்கு வைக்குதுங்க. அதுல ரெண்டு, மருந்து குடுத்த பதினாலாம் நாள் சில்லு சுத்தம். மகராசி மட்டும்தான் மசிய மாட்டேங்குறா. மூணு தடவ குடுத்தாச்சு, மூணும் வேற வேற மருந்து. நீங்களும் மண்டையப் பிச்சுக்கிறீங்க.

லத்தி பழசா? அட, நீங்க வேற. சூடு ஆறுறதுக்குள்ள எடுத்து, பையில இருக்கிற காத்தப் பிதுக்கிட்டு, நேரா ஃபிரிட்ஜுல வச்சிடுவேன். லாயத்துல ஏது ஃபிரிட்ஜு, எங்க வீட்டு ஃபிரிட்ஜுதான். பால் பாக்கெட்டுக்குப் பக்கத்துல வச்சேன்னு வீட்டுக்காரி ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் பேசுனா. பேசாமலே இருந்திருக்கலாம். டீ வடிகட்டியில வடிகட்டுறதப் பாத்துட்டுத் தனியா ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டா. இப்ப ரெண்டுலயும் அடையாளத்துக்கு நூல் கட்டியிருக்கோம். நான் வீட்ல டீ குடிக்கிறதில்ல.

எடை தப்பாயிருக்குமா? இருக்காது. நெஞ்சச் சுத்தி நாடா போட்டு அளந்துதான் மருந்துக் குழல்ல எடைக்குத் தக்கபடி வளையத்தத் திருப்பி வைப்பேன். மத்த ரெண்டு குதிரைக்கும் அப்படித்தான். மகராசிக்கு நாடா போடல. கண்ணாலயே அளந்துட்டேன். நாங்க பாத்தா அஞ்சு கிலோ முன்ன பின்ன, அவ்வளவுதான்.

ஏன் போடலையா? நேரம் இல்லாம இருந்திருக்கும்.

அதில்ல டாக்டரம்மா, உங்களுக்குத் தெரியாது, இங்க எனக்குப் பேரே அடக்கி. எந்த முரட்டுக் குதிரையும் இவர்கிட்ட வந்தா பூனைன்னு மொதலாளி வர்றவங்க போறவங்ககிட்டெல்லாம் காட்டுவாரு. என் மாமனார் பொண்ணு குடுத்ததே, நான் ஒரு குதிரைய ரோட்ல நிறுத்துனதப் பாத்துத்தான். அது களைச்சுப் போயி தானா நின்னுச்சு. நான் பக்கத்துல இருந்தேன். அவ்வளவு மரியாதையா ஒருத்தர் பொண்ணத் தரேன்னு சொல்றப்ப அத எப்படிங்க மறுத்துச் சொல்றது?

மேச்சல்ல நிக்கிற அந்தக் குதிரைக்குட்டியப் பாத்துட்டுத்தான வந்தீங்க? வயிறு உப்பி, முடியெல்லாம் சிலுத்துப் போயி நிக்குது. மகராசி மேஞ்ச புல்லத்தான் அதுவும் மேயுது. வாரத்துக்கு ரெண்டு தடவ இடுப்பு ஒடிய மேச்சல்ல லத்தி அள்ளுறேன், இப்பல்லாம் மூணு தடவ. அந்தக் குட்டி என்னப் பாத்ததும் ஓடி வருது. நான் வேற பக்கம் திரும்பிக்கிறேன் டாக்டரம்மா, மறைச்சுப் பேச எனக்குத் தெரியல. பொழச்சுக்கும்னு சொன்னீங்கல்ல? நெஜமாத்தான சொன்னீங்க?

சரி.

குடுத்தப்ப யாரு கூட இருந்தாங்கன்னு கேக்குறீங்க. யாரும் இல்ல. தலையப் பிடிக்க ஆள் வேணுமான்னு மொதலாளி கேட்டாரு, எனக்கெதுக்கு ஆளுன்னுட்டேன். துப்பியிருக்குமான்னு கேட்டா, அதெப்படிங்க துப்பும். துப்பணும்னா மொதல்ல வாய்க்குள்ள போயிருக்கணும் இல்ல.

பேனாவ மூடிட்டீங்க. நல்லது.

அவ நிக்கிற எடத்துல தீவனத் தொட்டிக்கு மேல செவுத்தப் பாருங்க. வெள்ளையாக் காஞ்சு போயி மூணு கோடு இருக்கும். மூணு தடவையும் கதவுக்கு வெளிய நின்னு மருந்த அங்க பீச்சிட்டு வந்துட்டேன். போன வருசம் தோள்ல கவ்விப் பிடிச்சுட்டா. கதவு இடிச்சிடுச்சுன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். அதுலேர்ந்து எனக்கு அவளக் கண்டா பயம். காது லேசா பின்னாடி போனாலே நான் ரெண்டடி பின்னாடி போயிடுறேன். மருந்து மூணும் நல்ல மருந்துதான், அதுல ஒரு கோளாறும் இல்ல. அந்தச் செவுத்துல ஒரு பூச்சி கெடையாது.

மொதலாளிகிட்ட நானே போயி சொல்றேன். வேலைய விட்டு நிறுத்துனா நிறுத்தட்டும், லாரிய மொதல்ல நிறுத்தச் சொல்றேன். நான் பயந்ததுக்கு அவ சாகக் கூடாது.

இப்பவேவா? உங்க பையிலயே இருக்கா? சரி, நான் தலைக்கயிறப் பிடிச்சுக்கிறேன், நீங்க மருந்தக் குடுங்க. பிடிச்சுக்குவேன், பிடிச்சுக்குவேன். வாங்க போலாம்.

நீங்க முன்னாடி போங்க.