எங்கப்பா ஒரு எழுத்து

“எங்கப்பாவ எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் தூக்கிருச்சுட்டி!”

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்தில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பக்கத்துத் தோழியிடம் கொதித்தாள்.

“என்னட்டி சொல்லுத?”

“புது ஆப் ஒண்ணு செஞ்சு மெயிலு, காலண்டர், அட்ரஸ் அம்புட்டையும் அதுல சேத்தாவ. பேருக்கு முன்னால உள்ள இனிஷியல் வேண்டாம்னு எடுத்துட்டாவ. நானும் மாரியம்மா, ஸ்டோர்ல இருக்கவளும் மாரியம்மா. ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிருச்சு. எனக்கு வச்ச சூப்பர்வைசர் இன்டர்வியூ அவ காலண்டர்ல போயி உக்காந்துக்கிச்சு. நேத்தோட முடிஞ்சும் போச்சு.”

“மேனேஜர்ட்டக் கேட்டியா?”

“ஒரு எழுத்துதானம்மாங்காரு. அந்த ஒரு எழுத்துதான் சார் எங்கப்பான்னேன். திங்கக்கிழமை இன்டர்வியூவுக்கு வாங்கன்னாரு. மெயிலு வேண்டாம், தமிழ்ல எழுதிக் குடுங்கன்னு நின்னு வாங்கிட்டேன்.”

தாளை விரித்துக் காட்டினாள். பெயருக்கு முன்னால் ‘செ’ என்று பெரிதாக இருந்தது. அதைப் பின் சீட்டிலிருந்த என்னாலேயே வாசிக்க முடிந்தது.