தட்டினா வரணும் பேரு

பழத்தட்ட ஏன் சார் மடியிலயே புடிச்சிகினு இருக்கீங்க, கீழ வைங்க. மாப்ளதானே? பாக்கலாம், எங்க போயிடப் போறாரு. தெள்ளார்லேர்ந்து பஸ் மாறி மாறி வந்திருக்கீங்க, மொதல்ல கேசரிய சாப்புடுங்க. ஒரே ஒரு ஒத்தாசை சார். உள்ள இருக்கறவங்க காதுல கல்யாணப் பேச்சு விழக்கூடாது. நீங்க பொடவை எடுக்க வந்த பார்ட்டின்னு சொல்லி வச்சிருக்கேன். ஏன்னா கேக்கறீங்க? அதத்தான சொல்ல வரேன்.

எல்லாம் என் சகலை ஜெயச்சந்திரனால வந்த வினை. அவனும் நம்மள மாதிரி பட்டு வியாபாரந்தான். போன மாசம் பஜார்ல என்னைப் புடிச்சி பிரவுசிங் சென்டருக்கு இழுத்துகினு போனான். அங்க இருந்தவர்ட்ட, எம் பேர கம்ப்யூட்டர்ல தட்டுங்கன்னான். வந்துது சார்! ஏதோ ஸ்கூலுக்கு ஃபேன் வாங்கிக் குடுத்தானாம், மாலையும் கழுத்துமா பல்ல காட்டிகினு நிக்கறான். சரி, நம்ம பேரையும் பாப்போமேன்னு தட்டச் சொன்னேன். ராஜமாணிக்கம்னு தட்டினா மலேசியாவுல ஒரு பல் டாக்டரு வராரு. ஈரோட்டுல ஒரு லாரி ஆபீசு வருது. கூட ஆரணின்னு சேத்துத் தட்டினா இன்னா வருது தெரியுமா? அரிசி வெல! சகலை சிரிச்சான் பாருங்க ஒரு சிரிப்பு, கடைத்தெரு பூரா கேட்டுது. சோறு எறங்கல சார் எனக்கு. அவமானமா இருந்துது, மெய்யாலுமே.

ஹாங், இந்த முந்திய பாருங்க சார்! ஜரிகை எப்புடி மின்னுது பாருங்க! இன்னா லீலா, காப்பியா? வச்சிட்டுப் போ, பார்ட்டிக்கு பச்சை ரொம்பப் புடிச்சிப் போச்சி… போயாச்சா? கொஞ்சம் எட்டிப் பாருங்க. சரி.

எங்க உட்டேன்? ஹாங். அதுலேர்ந்து தெனம் சென்டருக்குப் போவேன், எம் பேர தட்டுவேன், அரிசி வெலய பாத்துட்டு வருவேன். சென்டர்காரரு வேலு பேஜாராயிட்டாரு. தட்டினா வரணும்னா மொதல்ல எங்கனா பேரு இருக்கணுங்க, எலெக்‌ஷன்ல நிக்கணும், இல்ல பரிசு கிரிசு வாங்கணும்னாரு. ஜல்தியா வரணும், செலவும் ஆகக்கூடாது, அந்த மாதிரி எதனா இருக்குதான்னு கேட்டேன். தலைய சொறிஞ்சிகினே, ஒரு எடம் இருக்குது, பேரு ஊரு போட்டோ அட்ரஸ் எல்லாம் ஓசியிலயே போடுவாங்கன்னாரு.

கல்யாண சைட்டு சார். அதான், நீங்க பாத்தீங்களே, அதேதான்.

ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்க. பையன கூப்புடறதா? எனக்குப் பையன் ஏதுங்க, ஒரே பொண்ணு, கட்டிக் குடுத்து வேலூர்ல இருக்குது. போட்டோ பொய்யி இல்ல சார், அதுல இருக்கறது நாந்தான், எண்பத்திரெண்டுல எடுத்தது. தோள் மேல ஒரு கை தெரிஞ்சிருக்குமே, வளையலோட? அத மட்டும் வெட்ட வரலன்னுட்டாரு வேலு. அந்தக் கைதான் இப்ப உங்களுக்கு காப்பி வச்சிட்டுப் போச்சி. வயசு இருபத்தெட்டுன்னு போட்டிருந்துதா? போட்டோ எடுத்தப்போ அதே வயசுதான், அதுலயும் பொய்யி கெடையாது.

மெதுவா சார், மெதுவா! கத்தாதீங்க, அவளுக்குத் தெரிஞ்சா கம்ப்யூட்டர்ல இல்ல, பேப்பர்லயே எம் பேரு வந்துடும். இத நம்பி ஒருத்தர் பழம் வாங்கிகினு பஸ் ஏறுவாருன்னு சத்தியமா நெனச்சே பாக்கல. தப்புதான், மன்னிச்சிக்குங்க. உங்க தங்கச்சி பொண்ணு மதிவதனிக்கு நல்ல எடமா அமையும், நானே ஊரெல்லாம் சொல்லி வைக்கறேன். இந்தாங்க, இந்தப் பச்சைப் பொடவைய அந்தப் பொண்ணுக்குக் குடுங்க. ஐயோ, காசு வேணாம், புடிங்க சார். பார்ட்டி வெறுங்கையோட போனா லீலாவுக்கு சந்தேகம் வந்துடும்.

செருப்பு அந்தாண்ட இருக்குது பாருங்க. சார், சார், ஒரு நிமிசம். கோச்சிக்காதீங்க, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஆரணி மாப்ளைன்னு தேடினீங்களே, நான் மொத பக்கத்துலயே வந்தேனா?