ஏழாம் மேடை

உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உங்கள் கையெழுத்தில் குறையொன்றும் இல்லை. நான் நாற்பத்து நான்காம் வயதில்தான் எழுத்துக் கற்றேன், இன்னமும் விரல் வைத்துத்தான் படிக்கிறேன். கம்பளி ஆலையில் பொதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தால் நாலு வரிக்குள் கண் சொக்கிவிடும். தாமதத்தை மன்னிக்கவும்.

நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. அப்பாவின் சாமான்களோடு வந்த பெட்டியில் இரண்டு டிவிடியும் புத்தம் புதிதாக இருக்கின்றன, அப்படியிருக்க இரண்டாவது வரவேயில்லை என்று அவர் ஏன் நம்பினார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான்தான் அப்படிச் சொன்னேன். அது என் கோட்டுப் பையில் இருந்தது. சவ அடக்கம் முடிந்ததும் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டேன். அடுத்தவர் பொருளை வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை, லினெட் அம்மா.

‘கடைசித் துறை’ தொடர் உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது என்று உங்கள் அப்பா செல்வின் சொல்லியிருக்கிறார். ஆகையால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வானத்தின் விளிம்பில் ஒரு துறைமுகம். அதன் அதிகாரி ஓரிக். அங்கே ஏழு மேடைகள், கப்பல்கள் வந்து நிற்க. முதல் வருடத்திலேயே ஓரிக்கின் மகள் சண்டை போட்டுக்கொண்டு ஒரு கப்பலில் ஏறிப் போய்விடுகிறாள். அன்றிலிருந்து ஏழாம் மேடையை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை. பலகையில் அவள் கப்பலின் பெயரைச் சாக்கட்டியில் எழுதி வைத்திருப்பார். இருபத்திரண்டு வருடம் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இதைப் பார்த்தோம். இந்த ஊரில் பாதிப் பேர் அந்த நேரத்தில் தேநீரையே அதன் முன்னால்தான் குடித்தோம்.

எண்பத்தெட்டாம் வருடம் அக்டோபரில் கடைசிப் பகுதி வந்த சாயங்காலம்தான் நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போனீர்களாம். தொடக்க இசை ஓடிக்கொண்டிருந்தது, எழுந்து போய் டிவியை அணைத்துவிட்டேன் என்று செல்வின் ஒருமுறை சொன்னார். அந்தத் தொடருக்கான எங்கள் ரசிகர் மன்றத்தில் முடிவு தெரியாத ஒரே ஆள் அவர்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு மத்தியானம் மதுக்கடை மாடியில் கூடுவோம். பன்றிக்கறிப் பை, பீர், வாய் ஓயாத சண்டை. எந்த வருடம் சிறந்தது, எந்த டாக்டர் பாத்திரம் வீண், அட்டையில் செய்த அரக்கன் பயமுறுத்தினானா சிரிப்பு மூட்டினானா. மேசைமேல் ஒரு பித்தளை மணி இருக்கும். பார்க்காதவர் ஒருவர் இருந்தால் பார்க்காத பகுதியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது. எவனாவது வாய் தவறினால் மணி அடிக்கும், அவன் எல்லோருக்கும் ஒரு சுற்று பீர் வாங்க வேண்டும். பத்தொன்பது வருடம் செல்வினுக்காக முப்பது பேர் முடிவை விழுங்கிக்கொண்டு பேசினோம். வெளியாட்களுக்கு இது பைத்தியக்காரத்தனம். எங்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

டிவிடி வெளியிடுகிறவர்கள் எந்த வருடத்துக் கதைகளை முதலில் வெளியிடுவது என்று எங்களைப் போன்றவர்களிடம் வாக்குக் கேட்பார்கள். இருபத்திரண்டாம் வருடம் எப்போதும் அடியில்தான் கிடந்தது. நானும் ஒவ்வொரு தடவையும் அதற்கு எதிராகவே போட்டேன். செல்வின் காத்திருப்பது தெரியும். ஆனால் அந்த முடிவு மட்டமானது, அதுதான் என் கருத்து. இருபத்திரண்டு வருடம் காக்க வைத்துவிட்டு, கடைசி நிமிடத்தில் மகளின் கப்பல் ஏழாம் மேடைக்கு வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது, ஒரு கை தெரிகிறது, முடிந்தது. கல்யாணக் கேக்கில் வைக்கிற சர்க்கரைப் பொம்மை மாதிரி. நீங்களும் இப்போது பார்த்துவிட்டீர்கள். நான் சொல்வதில் நியாயம் இருப்பது தெரிந்திருக்கும்.

இதை நான் முன்பே எழுதிச் சொன்னவன். நூலகத்தில் மாலை வகுப்பில் எழுதக் கற்று, வாழ்க்கையில் முதன்முதலாக நான் எழுதியது மன்றத்தின் இதழுக்கு ஒன்றரைப் பக்கம். ஒன்பதாம் வருடக் கதையைப் பற்றி. ஒரு மேடையைக் காலியாகவே வைத்திருப்பது பாசம் இல்லை, வறட்டுப் பிடிவாதம், ஓரிக் அதை வேறொரு கப்பலுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று. பதினோரு நாள் எழுதினேன். இதழாசிரியர் உங்கள் அப்பா. அவர் அதை அச்சில் போடவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று, என் பிழைகளோடு, பிழை இருந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி, சத்தமாகப் படித்தார்.

“இத யாரு எழுதுனதுன்னு சொல்லுங்க பாப்போம். நம்ம ஆமோஸ். பொதி தூக்குற ஆமோஸ்.”

எல்லோரும் சிரித்தார்கள். மன்றத்து டிரெவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

“கோவிச்சுக்காதய்யா. நீ மூட்டையப் பாரு, கதைய எழுதத் தெரிஞ்சவன் பாத்துக்குவான்,” என்றார் செல்வின். பிறகு எனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். நானும் குடித்தேன். அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருடம் நாங்கள் நண்பர்கள்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பழிவாங்கினான் என்று நீங்கள் நினைக்கக் கூடாது என்பதற்காக. அப்படி ஒன்றும் மனதில் இல்லை.

போன நவம்பரில் கடைசி வருடத்து டிவிடிப் பெட்டி வெளிவந்தது. செல்வின் அப்போது குன்றின் மேல் இருக்கிற அந்த இல்லத்தில், கடைசி நாட்களுக்காகச் சேர்க்கிற இடத்தில், மூக்கில் குழாயோடு இருந்தார். புதன்கிழமை மத்தியானம் எனக்கு ஓய்வு என்பதால் மன்றம் என்னை அனுப்பியது. “பாத்து ஆமோஸ், ஒரு வார்த்த முந்திச் சொல்லிடாத,” என்று சொல்லி டிரெவர் பெட்டியை என் கையில் கொடுக்கும்போது அவன் கண் கலங்கியிருந்தது.

கடைசிக் கதை நான்கு பகுதி. மூன்று முதல் டிவிடியில், நான்காவது இரண்டாவதில். முதல் புதன்கிழமை மூன்றையும் போட்டேன். மூச்சு வாங்கும்போது நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். இரண்டாம் பகுதியில் ஓரிக் ஏணி ஏறும்போது இவரும் சேர்ந்து மூச்சிரைத்தார்.

“கெழவன் மூச்சுவிடுறதப் பாரு. அவனையும் இங்க கொண்டாந்து பக்கத்துப் படுக்கையில போடலாம்,” என்றார்.

மூன்றாம் பகுதி முடிந்தபோது பெர்னடெட் வந்தாள். உங்களுக்கு எழுதிய அதே நர்ஸ்.

“செல்வின், உங்க மக மறுபடியும் போன் பண்ணுனாங்க. இது மூணாவது தடவ. பிரிஸ்டல்லேர்ந்து கெளம்பி வரட்டுமான்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்ல?”

“நாளைக்குச் சொல்றேன்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“இந்தப் படத்த முடிச்சுக்கிறேன்மா. ஓரிக் என்ன செய்றான்னு பாத்துட்டுச் சொல்றேன்.”

பெர்னடெட் விளையாட்டென்று நினைத்துத் தலையை ஆட்டிக்கொண்டு போனாள். அது விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் மன்றத்தில் யாருக்கும் தெரிந்திருக்கும். அந்தத் துறைமுகத்தில் நடப்பதைப் பார்த்து முடிவெடுத்தே நாங்கள் வீடு வாங்கியிருக்கிறோம், வேலையை விட்டிருக்கிறோம். ஒருவன் மனைவியிடம் திரும்பிப் போயிருக்கிறான். நீங்கள் உண்மையைக் கேட்டதால் எழுதுகிறேன். எனக்குத் தெரிந்திருந்தது.

நான்காம் பகுதியை அப்போதே போட்டிருக்கலாம். களைப்பாக இருக்கிறீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாள் ஆலையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். போகிற பஸ்ஸில்தான் இரண்டாவது டிவிடி பெட்டியிலிருந்து பைக்கு மாறியது. பெட்டியைத் திறந்து காலி இடத்தைக் காட்டினேன்.

“ஒண்ணுதான் போட்டு அனுப்பியிருக்கானுங்க, செல்வின். மாத்தித் தர மூணு வாரம் ஆகுமாம்.”

அவர் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரம் அவரிடம் இல்லை. டாக்டர் பத்து நாள் சொல்லியிருந்தார், அது எங்கள் இருவருக்கும் தெரியும். வேறு யாரிடமாவது இரவல் கேள் என்று சொல்வாரோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சரி, நீயே சொல்லு.”

“விதி இருக்கே, செல்வின்.”

“மணி அடிக்க இங்க யாருய்யா இருக்கா? சொல்லு. வெளிய மட்டும் வுட்றாத. பத்தொம்பது வருசம் அவனுங்க வாயக் கட்டிக்கிட்டு இருந்தானுங்க, நான் கடசீல காதால கேட்டேன்னு தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிருவானுங்க.”

சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னேன். வானத்தில் புயல். ஒரு பழைய நிலக்கரிப் படகு, உள்ளே நாற்பது பேர், ஆறு மேடையும் நிரம்பியிருக்கிறது. ஓரிக் பலகை முன்னால் வெகுநேரம் நிற்கிறார். மகளின் கப்பல் பெயரைக் கையாலேயே அழிக்கிறார். சாக்கட்டித்தூள் சட்டைக் கையில் ஒட்டிக்கொள்கிறது, அதைத் தட்டிவிடுகிறார். படகு ஏழாம் மேடைக்கு வருகிறது. அவ்வளவுதான்.

செல்வின் அழுதார். சத்தம் இல்லை. குழாய் நனைந்தது, நான்தான் துடைத்துவிட்டேன்.

“அதான்,” என்றார் கடைசியில். “அதான் சரி. எழுதுனவன் கெட்டிக்காரன்யா. நான் வேற மாதிரி ஏதாச்சும் இனிப்பா முடிச்சிருவானோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்.”

என் ஒன்றரைப் பக்கம் அவருக்கு ஞாபகமே இல்லை.

பெர்னடெட் மத்தியானச் சாப்பாட்டோடு வந்தபோது அவரே கூப்பிட்டார்.

“அவ வர வேண்டாம்னு சொல்லிடுங்க. அவ குடித்தனத்த அவ பாக்கட்டும். எடத்த வேற ஆளுக்குக் குடுத்தாச்சுன்னு சொல்லுங்க.”

“நிச்சயமாவா? ஆமோஸ், நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்,” என்று அவள் என்னைப் பார்த்தாள்.

“அவரு முடிவு பண்ணிட்டாரும்மா,” என்றேன். தட்டில் இருந்த பட்டாணியை மசித்துக் கொடுத்தேன், இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்து ஆட்கள் ஐந்து பேர் வந்தார்கள். எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்து அவர்கள் வாயைத் திறக்கவில்லை, விதியை மீறிவிட்டோம் என்ற வெட்கத்தில் இவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் பகுதி ஏணியைப் பற்றி ஒரு மணிநேரம் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். கதவருகில் டிரெவர் என் தோளைப் பிடித்து, “நீ இருக்கிறது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா,” என்றான்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் மறுபடி சொல்லச் சொன்னார். சொல்லச் சொல்ல மெருகு ஏறியது. அழிக்கும்போது சாக்கட்டி எழுப்புகிற ஓசையைச் சேர்த்தேன். கடைசித் தடவை அவர் கேட்டார், “அந்தப் பொண்ண ஒரு தடவ கூடக் காட்டலியா?”

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. ஆனாலும் சட்டென்று வந்தது.

“காட்டுறாங்க. வேற ஒரு தொறையில, வேற ஒரு கெழவரோட சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்கிறா. இவர நெனைக்கவே இல்ல.”

“ம். அப்பச் சரி,” என்றார். செவ்வாய்க்கிழமை காலையில் போய்விட்டார்.

நீங்கள் அவர் பேச்சையும் மீறிப் புறப்பட்டு வந்தீர்கள் என்றும், ரயில் லீட்ஸில் நிற்கும்போது செய்தி கிடைத்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். வருத்தமாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று கேட்கிறீர்கள். போதும்தான். பெர்னடெட் என்னைப் பார்த்த அந்த நேரத்திலேயே டிவிடியைப் பையிலிருந்து எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால் அவர் அந்தச் சர்க்கரைப் பொம்மை முடிவைப் பார்த்திருப்பார், உங்களை வரச் சொல்லியிருப்பார். நான் சொன்ன முடிவு ஆமோஸ் கட்டிய கதையாகிப் போயிருக்கும், அதற்கும் சிரித்திருப்பார். அந்த நிலையில் அவரைச் சிரிக்க வைப்பது நல்லதில்லை, இருமல் வந்துவிடும்.

பொய் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய் என்பது ஏதாவது ஆதாயத்துக்குச் சொல்வது. எனக்கு இதில் பைசா லாபம் இல்லை. ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம். ஒரு மட்டமான முடிவிலிருந்து அவரைக் காப்பாற்றினேன்.

நம்புவதற்குச் சிரமமாக இருக்கலாம் என்பதால், அவரிடம் சொன்னதை அப்படியே நாலு பக்கத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிழைகளை நூலகத்து ஆசிரியை திருத்திக் கொடுத்தார். உங்கள் அப்பா அழுத இடத்தில் ஓரத்தில் கோடு போட்டிருக்கிறேன். உங்களுக்கும் அந்த இடம்தானா என்று மட்டும் எழுதுங்கள்.