இரண்டு பிள்ளைகளின் தாய்

நான் வெளியில் சாப்பிடுகிறவன் இல்லை, ஐயா. இருபத்திரண்டு வருஷமாக வீட்டிலிருந்து டப்பாவில் எடுத்துப் போய், அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். என் வயிற்றுக்கு அதுதான் ஒத்துக்கொள்கிறது. என் வேலை என்ன என்று கேட்டீர்கள், அதனால் இதை முதலில் சொல்கிறேன். சனிக்கிழமைப் பத்திரிகையில் 'ஊர் வாய்' என்று ஒரு பக்கம் வருகிறது, பார்த்திருப்பீர்கள். நகரத்தின் நடுவில் இருக்கிற உயர்தர உணவகங்களில் விலை எப்படி, தரம் எப்படி என்று ஊர்க்காரர்கள் நாலு பேர் கருத்துச் சொல்வார்கள். அந்த நாலு பேரையும் தேடிப் பிடித்து, கேட்டு எழுதுவது என் வேலை.

என் தங்கையின் கணவர் ஐந்து மாதமாகச் சிறையில் இருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குத் தீர்ப்பு. ஏழு வருஷம் வரை போகலாம் என்று வக்கீல் சொல்கிறார். அந்த ஏழு வருஷம் அவருக்கு வர வேண்டியது இல்லை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் செய்தேன். நோட்டும் பேனாவுமாக உணவக வாசலில் நிற்பேன். சாப்பிட்டு வெளியே வருகிறவர்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் சட்டைப்பையில் கையை விட்டுச் சில்லறை எடுத்து நீட்டினார். பத்திரிகைக்காரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டேன். மூன்றாவது வாரம் ஒருத்தர்கூடப் பேசவில்லை. பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து நாலு பேரையும் நானே எழுதினேன்.

அவ்வளவு சுலபமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர்: 'தட்டு முறம் அளவு, மீன் பொட்டு அளவு. கண்ணாடி போட்ட பிறகுதான் கண்ணில் பட்டது.' புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்: 'போட்டோ எடுக்க அருமையான இடம். பசி இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.' லாரி முதலாளி ஒருவர்: 'தண்ணீருக்கும் விலை போட்டிருந்தார்கள். காற்று எவ்வளவு என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போனார்கள்.' ஆசிரியர் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "இப்பதான்யா ஊர் பேசுது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு நான் எந்த வாசலிலும் போய் நிற்கவில்லை. விலைப்பட்டியலை மட்டும் எப்படியாவது வாங்கிவிடுவேன். மற்றதெல்லாம் மாடிப்படியில்தான் நடந்தது. ஒன்பது வருஷம் அப்படியே ஓடியது, ஐயா.

தங்கை கணவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். வாயில்லாப் பூச்சி. சமையல் ஒன்றுதான் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய பெரிய உணவகத்தில் தலைமைச் சமையல்காரர் ஆனார். சேர்ந்த மாதமே என்னையும் தங்கையையும் அங்கே வரச் சொல்லி, ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தார். என் சட்டைக் காலர் நைந்திருந்தது. பரிமாறுகிறவர் மடியில் துணி விரிக்கக் குனிந்தபோது, என்ன செய்கிறாரோ என்று நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். மாப்பிள்ளை சமையலறைக் கதவருகே நின்று பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. எனக்காக அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்தவர்களை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் குனிந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை 'ஊர் வாய்' நாலு பேரும் அவர் உணவகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள்.

மறுநாள் அவர் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. "மச்சான், இதுல பேங்க் ஆபீசர் ஒருத்தர் சூப்ல உப்பு தூக்கல்னு சொல்லியிருக்கார். நாக்கு தெரிஞ்ச ஆளு போல. குறைச்சுட்டேன். சரிதானே?" என்றார். அங்கே சாப்பிட்ட அன்றைக்கு நான் தட்டை விட்டுத் தலை நிமிரவே இல்லை. உப்பு கூடவா குறைவா என்று எனக்கு எங்கே தெரியும். "சரிதான் மாப்பிள்ளை" என்றேன். அடுத்த மாதம் அதே அதிகாரி, சூப் சப்பென்று இருப்பதாகச் சொன்னார். மாப்பிள்ளை உப்பைக் கூட்டினார். அதற்கடுத்த மாதம் லாரி முதலாளிக்குக் கோழி வேகவில்லை. பிறகு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கு அதே கோழி வறண்டுவிட்டது. அவ்வளவு பெரிய சமையலறையில் உயரமான வெள்ளைத் தொப்பியோடு நிற்கிற மனிதர், மாடிப்படியில் உட்கார்ந்து நான் சொல்கிறபடி அடுப்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. அல்பத்தனம்தான். இன்று சொல்லக் கூசுகிறது. அன்று செய்யக் கூசவில்லை.

உணவக முதலாளி அவரைக் கூப்பிட்டு, இனி ஒரு முறை 'ஊர் வாயில்' மோசமாக வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். தங்கை என்னிடம் வந்தாள்.

"அண்ணா, யார் யாரோ சொல்றதப் படிச்சுப் படிச்சு அவருக்குத் தன் நாக்கு மேலேயே நம்பிக்கை போயிடுச்சு. வீட்ல ரசனையா ஒரு வாய் சாப்பிட மாட்டேங்கிறார். நல்லா இருக்கான்னு என்னையக் கேட்கிறார். நீ கொஞ்சம் நல்ல மனுஷங்களாப் பார்த்துக் கேட்கக் கூடாதா?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. செய்ததற்கெல்லாம் ஒரேயடியாக ஈடு கட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அந்த வாரம் ஒரு அம்மாவை எழுதினேன். கீழே 'இரண்டு பிள்ளைகளின் தாய்' என்று போட்டேன். அந்தத் துண்டு உங்கள் கோப்பில் இருக்கிறது, ஆனாலும் எனக்கு மனப்பாடம்:

'என் சின்னவனுக்குப் பாதாம் ஆகாது. ஒரு துளி பட்டாலும் தொண்டை அடைத்துவிடும். பயந்து அவனை எந்த உணவகத்துக்கும் கூட்டிப் போனதில்லை. இங்கே தலைமைச் சமையல்காரரே மேஜைக்கு வந்து அவனிடம் குனிந்து பேசினார். கையைக் கழுவிவிட்டு, தனிச் சட்டியில் சமைத்துக் கொடுத்தார். விலை கூடுதல்தான். ஆனால் அன்று நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இப்படிப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் கவலையில்லாமல் கூட்டிப் போங்கள்.'

தொண்டை அடைக்கும் என்பதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் மருத்துவர் எழுதியிருந்ததைப் பார்த்துப் போட்டது. கடைசி வரியை நாலு தடவை மாற்றி எழுதினேன்.

முதலாளி அதை வெட்டிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டினார். மாப்பிள்ளைக்குச் சம்பளம் உயர்ந்தது. ஆனால் அவர் குழம்பிப்போய் வந்தார். "மச்சான், அப்படி ஒரு அம்மா வந்த ஞாபகமே எனக்கு இல்ல. கூட்டத்துல எல்லாம் மறந்து போகுது. ஆனா அவங்களே சொல்றாங்கன்னா செஞ்சிருப்பேன், இல்ல?"

"செஞ்சிருப்பீங்க மாப்பிள்ளை. உங்க குணம் எனக்குத் தெரியாதா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அன்று என் வீட்டில் ரசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். இந்தக் கதையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழு வாரம் கழித்து அந்தக் குழந்தை வந்தது. ஆறு வயதுப் பெண், அவளுக்கும் பாதாம் ஆகாது. பள்ளியில் ஏதோ பரிசு வாங்கியிருந்தாள். பிறந்ததிலிருந்து அவள் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையாம். அப்பா பத்திரிகைத் துண்டைப் பரிமாறுகிறவரிடம் காட்டியிருக்கிறார். அவர் வாசலில் மாட்டியிருந்த சட்டத்தைக் காட்டி, "எங்க மாஸ்டர் பார்த்துப்பார் சார்" என்று சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை மேஜைக்கு வந்தார். குழந்தையிடம் குனிந்து பேசினார். உள்ளே போய்க் கையைக் கழுவினார். தனிச் சட்டி எடுத்தார். பத்திரிகையில் அந்த அம்மா சொன்னது ஒன்றையும் அவர் விடவில்லை. கரண்டியைப் பற்றி அந்த அம்மா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து அடுப்பில் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த கரண்டியால் குழந்தையின் சட்டியையும் ஒரு தடவை கிளறிவிட்டார். அந்தச் சூப்பில் பாதாம் அரைத்து ஊற்றியிருந்தது.

ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது என்று சொன்னார்கள்.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் பத்திரிகைக்கு வந்து அந்த அம்மா யார் என்று கேட்டபோது, முகவரி கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்றேன். ஆசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார், அதற்கு மேல் கேட்கவில்லை. தங்கையை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. "அண்ணா, அந்தம்மாவக் கண்டுபிடிச்சுக் குடு. அவர் எவ்வளவு கவனமா செய்வார்னு அவங்க ஒருத்தங்க வந்து சொன்னா போதும்" என்றாள். அடையாளம் கேட்டாள். நான் சொன்னேன். ஒல்லியாக, முப்பத்தைந்து வயது இருக்கும், பூங்காவுக்குப் பின்னால் எங்கேயோ குடியிருக்கிறார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் பூங்காவுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். கதவு திறந்ததும் அவள் கேட்பாள், "உங்க பையனுக்குப் பாதாம் ஆகாதாங்க?" சிலர் முகத்தில் அடித்தாற்போலச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண், "ஆமா, உங்களுக்கு யார் சொன்னா?" என்றாள். தங்கை அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விம்மிவிட்டாள். அந்தப் பெண் அந்த உணவகத்தின் படியைக்கூட மிதித்ததில்லை. நான் நாலு படி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது தங்கை எனக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, "கால் வலிக்குதாண்ணா? எனக்காக நீயும் அலையிற" என்றாள். அந்தத் தண்ணீரை நான் குடித்தேன்.

நாலாவது ஞாயிறும் அவள் கிளம்பி நின்றாள். அவள் அலைவதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் அந்த அம்மாவை வைத்து ஒரு கடிதம் எழுதி, பத்திரிகைக்கு வந்ததாகக் கொடுத்தேன். வேறு ஊருக்குப் போய்விட்டேன், தேட வேண்டாம், உங்கள் கணவர் நல்லவர் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஒரு துளி பட்டாலும் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தெரியும் அம்மா, என்னை நம்புங்கள் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது' என்று ஒரு வரி சேர்த்தேன். அவருக்குப் பெருமையாக இருக்கட்டும் என்றுதான் சேர்த்தேன். தங்கை அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வக்கீலிடம் ஓடினாள். நீதிமன்றத்தில் எதிர்த் தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் இரண்டு தடவை படித்தார். ஆபத்து என்று தெரிந்தே அசட்டையாக இருந்திருக்கிறார், இவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார் என்றார். நீதிபதி மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"அந்தம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு யார் எழுதினாலும் அது சரிதான், ஐயா.

நேற்று தங்கை என் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த அம்மா மேல் அவளுக்குக் கோபம் இல்லையாம். "அவங்க உண்மையத்தானே எழுதினாங்க" என்றாள். அவள் போன பிறகு நான் சட்டையை மாட்டிக்கொண்டு உங்களிடம் வருவதற்குக் கிளம்பினேன். பாதி வழியில் திரும்பிவிட்டேன். இன்று வந்துவிட்டேன். குழந்தையின் அப்பாவும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும். அப்படி ஒரு அம்மா இல்லை. வங்கி அதிகாரி இல்லை, லாரி முதலாளி இல்லை. எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

நீங்கள் ஒன்று கேட்டீர்கள். ஐந்து மாதமாக ஒருவரும் கேட்காதது. எத்தனையோ பொருள் இருக்க, ஏன் பாதாம் என்று எழுதினேன் என்றீர்கள். அந்தச் சமையலறையில் சூப்பிலிருந்து கேக் வரைக்கும் பாதாம் அரைத்துப் போடுவார்கள் என்று மாப்பிள்ளை எங்களுக்குச் சாப்பாடு போட்ட அன்றே சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினேன். அது இல்லாத இடத்தில் காப்பாற்றிக் கொடுத்தார் என்று எழுதினால் அவருக்கு என்ன பெருமை? அவருடைய நல்லதுக்காகத்தான், ஐயா, நான் வேறு எதையும் எழுதவில்லை.