சொல்லாமல் விடுவது எப்படி?

"அது என் தலைப்புடா..."

"தலைப்புக்கெல்லாம் யாராவது பட்டா வாங்குவாங்களாக்கா? விடு..."

"பதினோரு வருஷமா சீட்டுல எழுதிப் போடறேன். 'சொல்லாமல் விடுவது எப்படி?' ஒவ்வொரு தடவையும் கிழிச்சுப் போட்ட..."

"அதான் இந்த வருஷம் எடுத்தாச்சுல்ல."

"எடுத்திருக்க. அழைப்பிதழ்ல உன் பேரைப் போட்டு."

"சரி சரி, ஆளுங்க பாக்கறாங்க. பையை நீட்டு."

இப்படித்தான் சார், மேடைப் படிக்குப் பக்கத்தில் நானும் என் தம்பியும் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா தம்பிக்குள் வழக்கமாக நடப்பது. இதைப் போய்ச் சண்டை என்று உங்கள் காவலர் எழுதியிருக்கிறார்.

தம்பி எழுத்தாளர் மாநாட்டுத் தலைவர். சிறுகதை அமர்வுக்கு யார் வேண்டுமானாலும் தலைப்பு எழுதிப் பெட்டியில் போடலாம், தேர்ந்தெடுப்பது அவன். அவனுடைய கற்பனை வளத்தைச் சொல்லி மாளாது. முதல் வருடம் 'சிறுகதை: நேற்று'. மறுவருடம் 'சிறுகதை: இன்று'. அதற்கடுத்து 'சிறுகதை: நாளை'. நாளையும் தீர்ந்துபோனதால் மறுபடி நேற்றுக்குப் போனான்.

என் வேலை பை பிடிப்பது. மேடையில் கைப்பேசி எதுவும் சிணுங்கக்கூடாது என்று, ஏறுகிறவர்கள் சட்டைப்பையைக் காலி செய்து என் துணிப்பையில் போட்டுவிட வேண்டும். விதி அவன் போட்டதுதான். அன்று எரிச்சலில் கைப்பேசி, சாவி எல்லாவற்றையும் ஒரே அள்ளாக அள்ளிப் போட்டான். இன்ஹேலரும் அதோடு விழுந்தது. அவன் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நாலு வயதிலிருந்தே அவனுக்கு மூச்சிரைப்பு. அம்மா வெளியே கிளம்பும்போதெல்லாம், "தம்பியைப் பாத்துக்கோ" என்பாள். அன்றும் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் சீட்டில் எழுதியிருந்த விளக்கத்தையே கால் மணி நேரம் ஒப்பித்தான். "முக்கியமானதைச் சொல்லக் கூடாது, வாசகனே உணரணும்" என்றவன் அப்படியே நின்றான். வாயைத் திறந்தான். மேசையைப் பிடித்தான். என் பக்கம் கையை நீட்டினான். பிறகு யாரோ கைதட்டினார்கள். இலக்கியக் கூட்டம் சார், எதற்கும் தட்டும். பின்வரிசையில் ஒரு பல் மருத்துவர், கதையும் எழுதுவார், எழுந்து நின்றார்.

"அவருக்கு என்னமோ பண்ணுது போலிருக்கே?"

"உக்காருங்க டாக்டர். சொல்லாம விடறதைச் செஞ்சு காட்டறார்."

பக்கத்து நாற்காலிக்காரர் இப்படிச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டார். விமர்சகர் ஒருவர் குறிப்புகூட எடுத்தார். இத்தனை வருடத்தில் அவ்வளவு சிறப்பாக நடந்த அமர்வு வேறில்லை. பை என் மடியில்தான் இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அடுத்தவர் பொருளாயிற்றே, பொறுப்பு வேண்டாமா?

தெரிந்தேதான் கொடுக்காமல் இருந்தேன். கொன்றாள் என்று எழுதிக்கொள்ளுங்கள், தகராறு செய்ய மாட்டேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். கூடப் பிறந்தவன்மேல் எனக்கென்ன பொறாமை? பேர், புகழ் ஆசையெல்லாம் எழுபத்திரண்டு வயதில் யாருக்கு இருக்கும்? எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போட்டுவிடுகிறேன்.

"ஒரு நிமிஷம் சார். அந்தத் தலைப்பு என்னோடதுன்னு எழுதிட்டீங்கல்ல?"